நண்பர்கள் சூழ இருந்தும் மனச்சோர்வு வருகிறதே, அப்புறம் ஆதரவு எதற்கு?

பிப்ரவரி 4 | வாசகர் கேள்வி

மருத்துவம் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். சமூக ஆதரவு இருந்தால் மனச்சோர்வு குறையும் என்று வகுப்பில் ஒரு ஸ்லைடு போட்டுக் காட்டிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டார்கள். எங்கள் பேட்ச்சில் ஆதரவுக்கு என்ன குறை? ஹாஸ்டல் முழுக்க ஆட்கள், ஏகப்பட்ட வாட்ஸ்அப் குழுக்கள், வீட்டிலிருந்து தினமும் போன். ஆனாலும் எனக்குத் தெரிந்தே சிலர் ரொம்ப மோசமாக இருக்கிறார்கள். நானும் கொஞ்ச மாதமாக அப்படித்தான். என் கட்சி இதுதான்: தனியாகக் கிடப்பவர்களுக்கு வேண்டுமானால் ஆதரவு உதவும். கூட்டத்துக்கு நடுவில் இருக்கும் எங்களுக்கு அது ஒன்றும் செய்யாது. மறுப்பவர்கள் சொல்லுங்கள்.

பிப்ரவரி 4, இரவு

மறுக்கிறேன். அதற்கு முன்னால், உங்கள் கேள்விக்கு நடுவே போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, “நானும் கொஞ்ச மாதமாக அப்படித்தான்” என்று, அதைப் பேசிவிடுவோம்.

மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ-9 கேள்வித்தாள் உங்களுக்குத் தெரிந்திருக்கும். இன்று அதை உங்களுக்கு நீங்களே போட்டுப் பாருங்கள். கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, அதிகபட்சம் 27. கூட்டல் 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மனநல மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். அது முதல்கட்டச் சோதனைதான் (ஸ்க்ரீனிங்), நோய் இருக்கிறதா என்று அவர் பேசிப் பார்த்துத்தான் சொல்ல முடியும். ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் தேவலை என்றோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ளலாம் என்றோ தோன்றுகிறதா என்பது. அதற்கு 0 தவிர எது வந்தாலும் கூட்டலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். இந்த இழையை மூடிவிட்டுப் பக்கத்து அறையில் இருப்பவரை எழுப்பிச் சொல்லுங்கள். அவரையும் கூட்டிக்கொண்டு அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

மற்றதை நாளை எழுதுகிறேன்.

பிப்ரவரி 5

நான் யார் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். மருத்துவக் கல்லூரி ஒன்றில் பார்மகாலஜி, அதாவது மருந்தியல், நடத்துகிறேன். படித்த காலத்தில், முதலாம் ஆண்டின் பின்பாதியில், நீண்ட மனச்சோர்வில் கிடந்து சிகிச்சை எடுத்து வெளியே வந்தேன். அதனால் இந்த விஷயத்தை இரண்டு பக்கமிருந்தும் பார்க்கிறேன்.

உங்கள் பேட்ச்சில் மட்டும் இப்படி இல்லை. 2016-இல் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில், பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த ஒரு பெரிய தொகுப்பாய்வு வந்தது. 43 நாடுகளைச் சேர்ந்த 1,22,000-க்கும் மேற்பட்ட மருத்துவ மாணவர்களின் தரவு. மனச்சோர்வோ அதன் அறிகுறிகளோ இருந்தவர்கள் 27.2 சதவீதம். தற்கொலை எண்ணம் இருந்தவர்கள் 11.1 சதவீதம். பெரும்பாலும் கேள்வித்தாள் வழியே எடுத்த கணக்கு இது, எல்லோருக்கும் நோய் உறுதியானது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் என்னைத் தூங்கவிடாத எண் வேறு. அறிகுறி இருப்பதாகத் தெரிந்தவர்களில் மனநல சிகிச்சையை நாடியவர்கள் 15.7 சதவீதம்தான். படிப்பதே மருத்துவமனையில், மனநலப் பிரிவு அடுத்த கட்டடத்தில், போனவர் ஆறில் ஒருவர்கூட இல்லை.

சரி, உங்கள் கட்சிக்கு வருவோம். சுற்றி எத்தனை பேர் என்பதும் ஆதரவு இருப்பதும் ஒன்றல்ல என்பதை உளவியலாளர்கள் கோஹனும் வில்ஸும் 1985-லேயே நன்றாகப் பிரித்துக் காட்டிவிட்டார்கள். நாலு பேரோடு கலந்து பழகுவது எப்போதுமே நல்லது, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் நெருக்கடி வரும்போது அடியின் வேகத்தைக் குறைப்பது, ‘எனக்கு இப்போது வேண்டியதைச் செய்ய ஆள் இருக்கிறார்’ என்ற நம்பிக்கை. ஸிமெட் குழு 1988-இல் உருவாக்கிய பன்னிரண்டு கேள்விகள் கொண்ட அளவுகோல் ஒன்று உண்டு, மாணவர் ஆய்வுகளில் அடிக்கடி பயன்படுவது. அதில் எத்தனை நண்பர்கள் என்ற கேள்வியே கிடையாது. பிரச்சினையை அவர்களிடம் பேச முடிகிறதா, காரியம் கெட்டுப்போகும்போது நம்பி நிற்க முடிகிறதா என்றுதான் போகும்.

இன்னொன்று. 1981-இல் சமூகவியலாளர் ஜேம்ஸ் ஹவுஸ் ஆதரவை நான்காகப் பிரித்தார்: மனத்துக்கு ஆறுதல், கையால் செய்யும் உதவி, தகவல், நம்மைப் பற்றி நேர்மையாக எடுத்துச் சொல்லும் மதிப்பீடு. உங்கள் வாட்ஸ்அப் குழுக்களை இந்தக் கண்ணோடு ஒருமுறை மேலே தள்ளிப் பாருங்கள். போன வருட வினாத்தாள், இந்த எக்ஸாமினர் எதைக் கேட்பார், நாளை போஸ்டிங் எந்த வார்டு. எல்லாம் தகவல். அதில் குறையே இல்லை. மற்ற மூன்றும் எத்தனை பேருக்குக் கிடைக்கிறது?

பிப்ரவரி 5, மாலை

கையால் செய்யும் உதவி என்று எழுதியதும் என் ஹிஸ்டாலஜி ரெக்கார்டு, நுண்ணோக்கியில் பார்க்கும் திசுக்களை வரைந்து வைக்கும் நோட்டு, நினைவுக்கு வந்துவிட்டது.

நான் வகுப்புக்குப் போகாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த காலம். ரெக்கார்டில் பாதிப் பக்கம் காலி. ஹிஸ்டாலஜி வரைந்தவர்களுக்குத் தெரியும், உட்கருவுக்கு ஊதாப் பென்சில், சைட்டோபிளாசத்துக்கு ரோஸ் பென்சில், மணிக்கணக்கில் பிடிக்கும். என் ரூம்மேட் எனக்குத் தெரியாமல் ராத்திரியில் உட்கார்ந்து அத்தனையையும் வரைந்திருக்கிறார். கல்லீரலின் அறுகோணங்கள், சிறுநீரகத்தில் குளோமெருலஸ் ஒவ்வொன்றாக, லேபிள் கோடுகள் அளவுகோல் வைத்து. லேபிள் எழுத்தைக்கூட என் கையெழுத்து மாதிரி வலப்பக்கம் சாய்த்து எழுதியிருந்தார். ஆசிரியரிடம் கையொப்பம் வாங்கி என் மேசையிலேயே வைத்துவிட்டார். எதுவும் சொல்லவில்லை. நான்தான் எப்போதோ முடித்து வைத்தேன்போல என்று நினைத்துக்கொண்டேன், அந்த அளவுக்கு மண்டை மந்தமாக இருந்தது. அவர் பென்சில் பெட்டியில் ரோஸ் பென்சில் கட்டை விரல் அளவுக்குத் தேய்ந்து கிடந்ததைப் பார்த்துத்தான் பிற்பாடு எனக்கு விளங்கியது.

பிப்ரவரி 6

‘அது ஏமாற்று வேலை இல்லையா, நீங்கள் இன்று ரெக்கார்டு திருத்தும் ஆசிரியர்தானே’ என்று கேட்டிருக்கிறார் ஒருவர். விதிப்படி தப்புதான். உடம்பு முடியவில்லை, இரண்டு வாரம் தவணை கொடுங்கள் என்று கேட்டால் கொடுக்கிற ஏற்பாடு அன்று இருந்திருந்தால் அதற்குத் தேவையே வந்திருக்காது. காய்ச்சலுக்கு அந்தத் தவணை கிடைக்கும். மனச்சோர்வுக்குக் கேட்க யாருக்கும் வாய் வராது. இன்று என் துறையில் காரணம் கேட்காமல் தவணை கொடுக்கிறோம். அதை யாரும் ஆண்டு முழுக்க இழுத்தடித்ததாக நான் பார்க்கவில்லை.

அந்த ரூம்மேட் செய்ததற்கு ஆய்வுலகில் ஒரு நல்ல இணை உண்டு. நியூயார்க் மாநிலத்தில் வழக்கறிஞர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தவர்களையும் அவர்களுடைய துணைவர்களையும் தினமும் குறிப்பு எழுதச் சொல்லி ஆராய்ந்தது போல்கர் குழு, 2000-இல் வெளியானது. இன்று நீ உதவி செய்தாயா என்று துணைவரிடம் ஒரு கேள்வி, இன்று உனக்கு உதவி கிடைத்ததா என்று தேர்வு எழுதுபவரிடம் ஒரு கேள்வி. துணைவர் செய்ததாகச் சொல்லி, தேர்வு எழுதுபவர் கவனிக்காமலே போன உதவிதான் அவர்களுடைய சோர்வைக் குறைத்தது. கண்ணுக்குத் தெரிந்த உதவி அப்படிக் குறைக்கவில்லை, சில நாட்களில் சோர்வு கூடவும் செய்தது. காரணம் ஊகிக்கக் கூடியதுதான். உதவி வந்து விழும்போதே ‘உன்னால் முடியவில்லை’ என்பதும் சேர்ந்து விழுகிறது. பள்ளி முழுக்க முதல் மாணவராக இருந்தே பழகியவருக்கு அது எப்படிக் குத்தும் என்று யோசியுங்கள்.

பிப்ரவரி 7

மேலே எழுதியதை ‘எப்போதும் ஒளிந்துகொண்டே உதவ வேண்டும்’ என்று சிலர் எடுத்துக்கொண்டதாகத் தெரிகிறது. அப்படி இல்லை. கேட்டு வாங்கும் உதவி கண்ணுக்குத் தெரிந்தால் தவறில்லை. உயிருக்கு ஆபத்து என்றால் வெளிப்படையாக, தைரியமாக, நாலு பேரைக் கூட்டிச் செய்ய வேண்டியதுதான். என் ரூம்மேட்டும் ஒருநாள் நேருக்கு நேர் வந்து, “கிளம்பு, டாக்டரைப் பார்க்கப் போறோம், நான் வெளியில உட்கார்ந்திருக்கேன்” என்று சொல்லித்தான் கூட்டிப் போனார். அன்றாட வேலைகளுக்கு மட்டும்தான் அந்த ரகசியம்.

பிப்ரவரி 9

ஏன் கேட்க மாட்டேன் என்கிறார்கள்? நான் அதிகம் யோசித்தது இதைப் பற்றித்தான்.

நான் படித்த இடத்தில் மென்டர் (வழிகாட்டி) திட்டம் என்று ஒன்று இருந்தது. ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் ஆசிரியர், மனம்விட்டுப் பேசலாம் என்று அறிவிப்புப் பலகையில் போட்டிருந்தார்கள். என் மென்டர்தான் எனக்கு இன்டர்னல் மார்க் போடுபவர், வைவா எனும் வாய்மொழித் தேர்வு எடுப்பவரும் அவரே. அவர் அறையில் ஒரு படிவம் இருக்கும். ‘மாணவருக்குப் பிரச்சினை ஏதும் உள்ளதா: ஆம் / இல்லை.’ இல்லை என்று டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். எல்லோரும் அதைத்தான் செய்தோம். அவர் கெட்டவர் இல்லை, அன்பானவர்தான். அவர் கையில் என் மார்க் இருந்தது, அவ்வளவுதான்.

மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவ மாணவர்களிடம் ஷ்வெங்க் குழு எடுத்த கணக்கு 2010-இல் வந்தது. எனக்கு மனச்சோர்வு என்று தெரிந்தால் சக மாணவர்கள் என் கருத்தை மதிக்க மாட்டார்கள் என்று நினைத்தவர்கள், சோர்வு இல்லாத, அல்லது மிகக் குறைவாக இருந்தவர்களில் 23.7 சதவீதம். சோர்வு நடுத்தரமாகவோ கடுமையாகவோ இருந்தவர்களில் 56 சதவீதம். ஆசிரியர்கள் என்னைப் பொறுப்புக்கு லாயக்கில்லாதவராகப் பார்ப்பார்கள் என்ற கேள்விக்கு 55.1-உம் 83.1-உம். கவனியுங்கள், உதவி யாருக்கு அதிகம் தேவையோ அவர்கள்தான் அதிகம் பயப்படுகிறார்கள். நன்றாக இருப்பவர்களிலேயே பாதிக்கு மேல் ஆசிரியர்களைப் பற்றி அப்படி நினைக்கிறார்கள் என்றால் அதை நோயாளியின் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. வார்டில் ஒரு ஜூனியர் அழுதால் நாம் என்ன பேசுகிறோம் என்பதை அவர்கள் கேட்டுக்கொண்டுதானே இருக்கிறார்கள்.

ஆகவே மார்க் போடுபவர் வேறு, காது கொடுப்பவர் வேறு என்று பிரிக்காத எந்த ஆதரவுத் திட்டத்தின் மீதும் எனக்கு நம்பிக்கை கிடையாது. மாணவருக்குச் சிகிச்சை தரும் மனநல மருத்துவர் அந்த மாணவரின் தேர்வில் உட்காரவே கூடாது. கேஸ் ஷீட்டை ஹாஸ்டல் வார்டனோ துறைத்தலைவரோ புரட்டிப் பார்க்க முடியாதபடி இருக்க வேண்டும். இதற்குப் பெரிய நிதி எதுவும் வேண்டாம்.

பிப்ரவரி 10

நேற்றையதில் விட்டுப்போனது. அம்பு மறுபக்கமும் பாயும். ஆதரவு குறைந்ததால் சோர்வு வந்ததா, சோர்வு வந்ததால் ஆதரவு குறைந்ததா? ஒரே நாளில் எடுக்கும் கேள்வித்தாள் ஆய்வில் இதைப் பிரிக்கவே முடியாது, மருத்துவ மாணவர் ஆய்வுகளில் பெரும்பாலானவை அந்த வகைதான். பதின்வயதுப் பெண்களைத் தொடர்ந்து கவனித்து ஸ்டைஸ் குழு 2004-இல் வெளியிட்ட ஆய்வில் சுவையான ஒரு பிரிவு தெரிந்தது. பெற்றோர் ஆதரவு குறைந்திருந்தால் பின்னால் சோர்வு கூடியது. நண்பர்கள் விஷயத்தில் தலைகீழ்: சோர்வு முதலில் இருந்தால் நண்பர்களின் ஆதரவு பிறகு குறைந்தது. வயது வேறு, ஆனாலும் ஹாஸ்டலில் நான் பார்த்ததும் இதுதான். போனை எடுக்காதவருக்கு மூன்றாவது முறை யாரும் போன் செய்வதில்லை. “அவனுக்குத் தலைக்கனம்” என்று முடித்துவிடுகிறார்கள்.

கேள்வி கேட்டவருக்கு: உங்களுக்கு ஆதரவு இல்லை என்று தோன்றுவதில் ஒரு பங்கு நோயின் வேலையாக இருக்கலாம். படுத்திருந்தபோது என்னைப் பற்றி யாருக்கும் கவலையில்லை என்று நான் உறுதியாக நம்பினேன். அதே அறையில்தான் ஒருவர் ரெக்கார்டு வரைந்துகொண்டிருந்தார்.

பிப்ரவரி 12

கொஞ்சம் விலகிப் போகிறேன். ஹாஸ்டலில் விடிய விடியப் பேசுவது நல்லதா? ‘எங்கள் அறையில் நாலு பேரும் எல்லாவற்றையும் மனம்விட்டுப் பேசுகிறோம், ஆனாலும் நாலு பேருமே டல்லாக இருக்கிறோம்’ என்று ஒரு வாசகி எழுதியிருந்தார்.

உளவியலாளர் அமண்டா ரோஸ் 2002-இல் எழுதியது இங்கே பொருந்தும். அவர் ஆராய்ந்தது பள்ளிப் பிள்ளைகளை. ஒரே பிரச்சினையைத் திரும்பத் திரும்பக் கிளறிப் பேசும் நட்பில் நெருக்கம் அதிகம், கூடவே சோர்வும் பதற்றமும் அதிகம். எங்கள் ஃப்ளோரில் அது நடந்தது. எந்த எக்ஸாமினர் யாரை எப்படித் திட்டினார், யார் எத்தனை பேரை ஃபெயில் ஆக்கினார் என்று பேசிப் பேசியே மூன்று மணி ஆகிவிடும். காலையில் எல்லோர் கண்ணும் சிவந்திருக்கும், வகுப்பு எட்டு மணிக்கு. தூக்கத்தைத் தின்னும் பேச்சு எவ்வளவு அன்பானதாக இருந்தாலும் மனச்சோர்வுக்கு நல்லதில்லை.

அதற்காகப் பேசாதீர்கள் என்று சொல்லவில்லை. பேசி முடித்ததும் ‘சரி, நாளைக்கு என்ன செய்யலாம்’ என்று யாராவது ஒருவர் கேட்டாலே போதும், பேச்சின் திசை மாறிவிடும். இல்லையென்றால் கொஞ்சம் எழுந்து நடந்துவிட்டு வாருங்கள்.

பிப்ரவரி 13

இதைப் படித்துச் சிரிக்கலாம். லிம்ஃபோமா (நிணநீர்க் கணுக்களில் வரும் புற்றுநோய்) பாடம் எடுத்த வாரம் எங்கள் பேட்ச்சில் பாதிப் பேர் இரவெல்லாம் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கு மல்டிபிள் ஸ்க்லரோசிஸ், ஒருவருக்குத் தலையில் கட்டி, கண்ணிமை துடித்தவருக்கு மோட்டார் நியூரான் நோய். அவரவர்க்கு அவரவரே கண்டுபிடித்தது. சைக்கியாட்ரி போஸ்டிங் முடிந்தபோது மட்டும் ‘எனக்கு மனச்சோர்வு இருக்கிறதோ’ என்று ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. இரண்டு வாரமாகக் குளிக்காமல் படுத்திருந்தவர்கூட ‘சோம்பேறி ஆயிட்டேன்’ என்றுதான் சொன்னார்.

பிப்ரவரி 15

‘பலவீனமானவர்கள் மருத்துவம் படிக்க வந்தால் இப்படித்தான்’ என்று எழுதியவருக்கு நேரடியாகவே பதில் சொல்கிறேன். அமெரிக்காவில் மருத்துவக் கல்லூரிக்குள் நுழையும் நேரத்தில் மாணவர்களை அளந்து பார்த்திருக்கிறார்கள், 2014-இல் வெளியான ஆய்வு. அதே வயதுப் பட்டதாரிகளைவிட அவர்கள் மனநிலை நன்றாகவே இருந்தது. அப்புறம்தான் சரிகிறது. இன்டர்ன்களைப் பற்றி, அதாவது மருத்துவமனையில் முதலாண்டுப் பயிற்சி மருத்துவர்களைப் பற்றி, ஸ்ரீஜன் சென் குழு 2010-இல் வெளியிட்டதைப் பாருங்கள். பி.எச்.க்யூ-9-இல் 10-ஐ எட்டியவர்கள் பயிற்சி தொடங்கும் முன் 3.9 சதவீதம், பயிற்சியின்போது சராசரியாக 25.7 சதவீதம். அதே ஆட்கள், அதே குடும்பம், அதே நண்பர்கள். மாறியது வேலை.

ஆதரவைப் பற்றிய பேச்சில் எனக்கு இருக்கும் பயமே இதுதான். ‘நண்பர்களோடு பேசுங்கள்’ என்று சொல்லிவிட்டு 30 மணி நேர டூட்டியைத் தொடாமல் விட்டுவிடுவார்கள். நண்பரும் அதே டூட்டியில்தான் இருக்கிறார்!

கல்லூரி தன் பங்கைச் செய்தால் பலன் தெரிகிறது. செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகத்தில் ஸ்டூவர்ட் ஸ்லாவின் குழு முதலிரு ஆண்டுப் பாடங்களை பாஸ்/ஃபெயில் ஆக்கி, வகுப்பு நேரத்தைக் குறைத்து, ஒத்த ஆர்வம் உள்ள மாணவர்களையும் ஆசிரியர்களையும் சிறு குழுக்களாகச் சேர்த்தது. மனச்சோர்வும் பதற்றமும் குறைந்ததை 2014-இல் வெளியிட்டார்கள். வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் முதலிரண்டு ஆண்டுகளுக்கு கிரேடை எடுத்துவிட்டு பாஸ்/ஃபெயில் மட்டும் வைத்தார்கள். மாணவர்களின் மனநலம் கூடியது, படிப்புத் தரம் இறங்கவில்லை. அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வின் முதல் படியே 2022 ஜனவரியிலிருந்து பாஸ்/ஃபெயில்தான்.

மார்க் முறைக்கும் ஆதரவுக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். ரேங்க் பட்டியலைச் சுவரில் ஒட்டும் பேட்ச்சில் நோட்ஸை ஒளித்து வைத்தே படிப்பார்கள், நான் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் இருப்பவர் மேலே போனால் நான் கீழே வருவேன் என்று இருக்கும் இடத்தில், அழுவதற்கு யார் தோளைத் தேடுவது?

பிப்ரவரி 18

நண்பர் ஒருவர் இப்படி இருந்தால் என்ன செய்வது என்று நிறையப் பேர் கேட்டிருப்பதால் நீளமாக எழுதுகிறேன்.

“ஏதாவது வேணும்னா சொல்லு” என்பதை நாம் எல்லோரும் நல்ல மனத்தோடுதான் சொல்கிறோம். ஆனால் அது வேலையை நோயாளியின் தலையில் கட்டுகிறது. என்ன வேண்டும் என்று அவர் யோசிக்க வேண்டும், கேட்க வேண்டும், கேட்டதற்கு வெட்கப்படவும் வேண்டும். மனச்சோர்வில் முதலில் போவதே இந்தத் தெம்புதான். அதற்குப் பதில், “லைப்ரரிக்குப் போறேன், போகும்போது உன் கதவைத் தட்டுவேன், வரலைன்னாலும் பரவாயில்லை” என்று சொல்லிப் பாருங்கள். இதில் அவர் செய்ய வேண்டியது ஒன்றும் இல்லை. வராவிட்டால் கோபிக்காமல் மறுநாளும் தட்ட வேண்டும். மறுநாள்தான் கஷ்டம்.

பதில் கேட்காத அக்கறைக்கு என்ன வலிமை என்பதற்கு சான் பிரான்சிஸ்கோவில் ஜெரோம் மோட்டோ என்ற மனநல மருத்துவர் செய்தது நல்ல சான்று. மனச்சோர்வாலோ தற்கொலை எண்ணத்தாலோ மருத்துவமனையில் சேர்ந்து, வீடு திரும்பிய பிறகு சிகிச்சையைத் தொடராத 843 பேரை எடுத்துக்கொண்டார். ஒரு பாதிப் பேருக்கு வருடத்துக்குக் குறைந்தது நான்கு முறை, ஐந்து வருடத்துக்குச் சின்னச் சின்னக் கடிதங்கள் போயின. எப்படி இருக்கிறீர்கள், நினைத்துக்கொண்டோம் என்கிற அளவில்தான். வாருங்கள், மருந்து சாப்பிடுங்கள் என்ற வற்புறுத்தல் எதுவும் கிடையாது. முதல் இரண்டு ஆண்டுகளில் கடிதம் பெற்றவர்களிடையே தற்கொலை குறைவாக இருந்தது. முழு முடிவு வெளியானது 2001-இல். சில வரிக் கடிதம்!

‘தொல்லை பண்ணுகிறோமோ’ என்ற தயக்கம் இருக்கும். நாம் தொடர்புகொள்வதை மற்றவர் எவ்வளவு மதிப்பார் என்பதை மனிதர்கள் வழக்கமாகக் குறைத்தே எடைபோடுகிறார்கள் என்று 2022-இல் பெகி லியு குழு காட்டியது. கேட்கும் பக்கத்திலும் அதே கதை: உதவி கேட்டால் எத்தனை பேர் சம்மதிப்பார்கள் என்று கேட்பவர்கள் குறைத்தே கணக்கிடுகிறார்கள். ஃபிளின், லேக் இருவரும் 2008-இல் எழுதினார்கள். ஆக இரண்டு பேரும் கதவுக்கு இருபுறமும் நின்றுகொண்டு தயங்குகிறார்கள்.

தற்கொலை பற்றி நேரடியாகக் கேளுங்கள். கேட்டால் எண்ணத்தை விதைத்துவிடுவோம் என்ற பயத்துக்கு ஆதாரம் இல்லை, ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். “செத்துப்போகணும்னு தோணுதா?” என்று அந்தச் சொல்லையே போட்டுக் கேளுங்கள். “தப்பா எதுவும் யோசிக்கல இல்ல?” என்று கேட்காதீர்கள், இல்லை என்றுதான் பதில் வரும். ஆமாம் என்றால் அவரைத் தனியாக விடாமல், அன்றே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். “யார்கிட்டயும் சொல்லாதே” என்று சத்தியம் வாங்கினாலும் இந்த ஒரு விஷயத்தில் அதைக் காப்பாற்ற வேண்டாம். கோபப்படுவார், பேசாமல்கூட இருப்பார். இருக்கட்டும்.

ஒரே ஆள் எல்லாவற்றையும் சுமக்காதீர்கள். உங்களுக்கும் தேர்வு இருக்கிறது, தூக்கம் வேண்டும். மூன்று பேராகச் சேர்ந்து ஆளுக்குக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் நண்பர், அவருடைய மருத்துவர் இல்லை. நாலாவது வருடம் படித்தாலும் இல்லை.

பிப்ரவரி 19

ஒரு தாயார் எழுதியிருந்தார்: தினமும் போன் செய்கிறோம், சாப்பிட்டியா என்று கேட்கிறோம், வேறென்ன செய்ய?

அம்மா, போன் செய்வதை நிறுத்தாதீர்கள். பத்தாம் தேதிக் குறிப்பில் எழுதியது போல் பெற்றோர் ஆதரவுக்குத் தனி எடை உண்டு. ஒன்று மட்டும்: டெஸ்ட் என்ன ஆச்சு, எத்தனை மார்க் என்ற கேள்வி இல்லாமல் வாரத்தில் சில நாளாவது பேசிப் பாருங்கள். படிப்பை ஒரு வருடம் தள்ளிப்போட்டாலும் எங்களுக்கு ஒன்றுமில்லை என்று பிரச்சினை வருவதற்கு முன்பே, சும்மா இருக்கும்போது சொல்லி வையுங்கள். வந்த பிறகு சொன்னால் சமாதானத்துக்குச் சொல்வதாகத்தான் தோன்றும்.

பிப்ரவரி 24

கேள்வி கேட்டவர் மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்து எழுதியிருக்கிறார். பி.எச்.க்யூ-9 கூட்டல் 16. மருந்தும் தொடங்கியிருக்கிறார், கவுன்சிலிங்கும் உண்டாம். படித்ததும் எனக்கு அவ்வளவு நிம்மதி. மருந்தைப் பற்றியும் தேர்வைப் பற்றியும் நீங்கள் கேட்டவற்றுக்குப் பதில். மருந்து என் துறைதான்.

எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மனச்சோர்வு மருந்து வேலை செய்ய இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும், முழுப் பலன் தெரிய இன்னும் கூடுதலாகவே ஆகலாம். முதல் நாட்களில் குமட்டல், தலைவலி, தூக்கக் குழப்பம் வரும், பெரும்பாலும் அடங்கிவிடும். 25 வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தொடக்க வாரங்களில் தற்கொலை எண்ணமோ படபடப்போ கூடுகிறதா என்று கவனிக்கச் சொல்லி மருந்து உறையிலேயே எச்சரிக்கை இருக்கும். பயந்து நிறுத்துவதற்காக அதைப் போடவில்லை, பக்கத்தில் ஆள் வைத்துக் கவனிப்பதற்காகப் போட்டிருக்கிறார்கள். நன்றாகிவிட்டது என்று நீங்களாகவே நிறுத்திவிட வேண்டாம். குணம் தெரிந்த பிறகும் குறைந்தது ஆறு மாதமாவது தொடரச் சொல்வார்கள். சாம்பிள் அலமாரியிலிருந்து எடுத்து டோஸை மாற்றுவதும் வேண்டாம், மருத்துவ மாணவர்கள் செய்யும் வேலை அது. குடும்பத்தில் யாருக்காவது பைபோலார் (மனநிலை மிகையாக ஏறி இறங்கும் நோய்) இருந்திருந்தால் அதை மருத்துவரிடம் சொல்லிவிட்டீர்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தைராய்டு, ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்லியிருந்தால் தள்ளிப்போடாதீர்கள்.

தேர்வு பற்றி: இப்போதே முடிவெடுக்க வேண்டாம். விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி எது என்று மட்டும் கேட்டு வைத்துக்கொண்டு, அடுத்த ரிவ்யூவில் மருத்துவரோடு சேர்ந்து முடிவு செய்யுங்கள். மருத்துவச் சான்றிதழில் எந்த அளவுக்கு விவரம் எழுத வேண்டும் என்பதையும் அவரிடமே பேசலாம், தேவைக்கு மேல் எழுத வேண்டியதில்லை.

ரூம்மேட்டிடம் மருந்து தொடங்கிய தேதியைச் சொல்லிவிட்டீர்களா? இல்லையென்றால் இன்றே சொல்லுங்கள். முடிந்தால் ரிவ்யூவுக்கு அவரையும் அழைத்துப் போங்கள். தூக்கம், சாப்பாடு, பேச்சு இதிலெல்லாம் உங்களுக்குத் தெரியாத மாற்றத்தை அவர் கவனித்திருப்பார், மருத்துவருக்கு அது உதவும்.